பெருமந்தமும் சென்னை மாகாண உழவர் கடனும் (1929–1945)

1929இல் தொடங்கிய உலகப் பொருளாதாரப் பெருமந்தம் சென்னை மாகாணத்து உழவர் குடும்பங்களின் கடன் சுமையைச் சில ஆண்டுகளில் தாங்க முடியாத அளவுக்கு உயர்த்தியது. விளைபொருள்களின் விலை சரிந்தது; கடனும் வட்டியும் நிலவரியும் பழைய அளவிலேயே நின்றன. வீட்டிலிருந்த தங்கம் விற்கப்பட்டது, நிலங்கள் கைமாறின. இறுதியில் 1938இல் சென்னை வேளாளர் கடன் நிவாரணச் சட்டம் வந்தது. ஒரு நாட்டின் விலைவாசியும் நாணயக் கொள்கையும் ஒரு குடும்பத்தின் வரவு செலவை எவ்வாறு மாற்றுகின்றன என்பதற்கு இக்காலம் தெளிவான எடுத்துக்காட்டாகும்.

மந்தத்துக்கு முந்தைய நிலை

பெருமந்தத்துக்கு முன்பே சென்னை மாகாணத்தின் சிற்றூர்களில் கடன் பரவலாக இருந்தது. விதை, மாடு, கிணறு, திருமணம், நிலவரி ஆகிய அனைத்துக்கும் உழவர் கடன் வாங்கினர். கடன் கொடுத்தோரில் தொழில்முறை வட்டிக் கடைக்காரர்களும், ஊரின் பெரிய நிலக்கிழார்களும், தானிய வணிகர்களும் இருந்தனர். கைமாற்று, புரோநோட்டு, ஈடு, ஒத்தி எனக் கடனுக்குப் பல வடிவங்கள் இருந்தன. ஒத்தியில் நிலத்தின் அனுபவம் கடன் கொடுத்தவரிடம் சென்றது. விளைச்சலே வட்டிக்கு ஈடானது.

1904ஆம் ஆண்டின் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் இதற்கு மாற்று வழியாகக் கொண்டுவரப்பட்டது. அதற்கு முன்னோடியாக, சென்னை அரசு அதிகாரியான பிரடெரிக் நிக்கல்சன் ஐரோப்பிய ஊரகக் கடன் சங்கங்களை ஆராய்ந்து அறிக்கை அளித்திருந்தார். 1929இல் சென்னை மத்திய நில அடமான வங்கி தொடங்கப்பட்டது. பழைய கடன்களை அடைக்க நீண்டகாலக் கடன் வழங்குவது அதன் நோக்கம். ஆயினும் மொத்தக் கடனில் இவ்வமைப்புகளின் பங்கு சிறிதே.

1929–30இல் பணியாற்றிய சென்னை மாகாண வங்கி விசாரணைக் குழு, மாகாணத்தின் ஊரகக் கடனை ஏறத்தாழ 150 கோடி ரூபாய் என மதிப்பிட்டது. விலைகள் நன்றாக இருந்த 1920களில் இக்கடன் பெரும் நெருக்கடியாகத் தோன்றவில்லை. நெல்லும் நிலக்கடலையும் பருத்தியும் விற்ற பணத்தில் வட்டி கட்ட முடிந்தது. நிலத்தின் விலை உயர்ந்துகொண்டிருந்ததால் கொடுத்தவருக்கும் அச்சமில்லை.

விலை வீழ்ச்சி

1929 அக்டோபரில் நியூயார்க் பங்குச் சந்தை சரிந்தது. அடுத்த சில ஆண்டுகளில் உலகெங்கும் வேளாண் பொருள்களின் விலை விழுந்தது. சென்னை மாகாணத்தில் நெல் விலை ஏறத்தாழ பாதியாகக் குறைந்தது. பர்மாவிலிருந்து மலிவாக இறக்குமதியான அரிசியும் உள்ளூர் விலையை மேலும் அழுத்தியது.

இதன் விளைவை ஒரு கணக்கால் விளக்கலாம். ஒரு மூட்டை நெல் 6 ரூபாய்க்கு விற்றபோது ஒருவர் 12 விழுக்காடு வட்டிக்கு 300 ரூபாய் கடன் வாங்கியதாகக் கொள்வோம். அவருடைய கடன் 50 மூட்டை நெல்லுக்குச் சமம். ஆண்டு வட்டியான 36 ரூபாய்க்கு 6 மூட்டை போதும். விலை 3 ரூபாயாக இறங்கினால், புதிதாக ஒரு காசும் வாங்காமலேயே அவருடைய கடன் 100 மூட்டையாகிவிடும்; வட்டிக்கு மட்டும் 12 மூட்டை விற்க வேண்டும். நிலவரியும் ரூபாயில் விதிக்கப்பட்டதால் அதன் சுமையும் இவ்வாறே இரட்டித்தது.

அமெரிக்கப் பொருளியலாளர் இர்விங் ஃபிஷர் 1933இல் இந்நிலையைக் கடன்–விலைவீழ்ச்சிக் கோட்பாடாக விளக்கினார். கடனை அடைக்க எல்லோரும் ஒரே நேரத்தில் விற்க முற்படும்போது விலை மேலும் சரிகிறது. அதனால் கட்டக் கட்டக் கடனின் உண்மை மதிப்பு கூடுகிறது என்பது அதன் சாரம்.

நாணயக் கொள்கை இச்சிக்கலை மேலும் கடினமாக்கியது. 1927இல் ஒரு ரூபாயின் மாற்று மதிப்பு 1 ஷில்லிங் 6 பென்ஸ் எனச் சட்டத்தால் நிலைநிறுத்தப்பட்டது. 1 ஷில்லிங் 4 பென்ஸே பொருத்தமானது என்று இந்திய வணிகர்களும் காங்கிரசாரும் வாதிட்டனர். உயர்ந்த மதிப்பால் ஏற்றுமதிப் பொருளுக்கு ரூபாயில் கிடைத்த விலை குறைந்தது. மந்தம் வந்த பின்னும் இந்திய அரசு இம்மதிப்பை மாற்றவில்லை.

தங்கத்தின் வெளியேற்றம்

1931 செப்டம்பர் 21 அன்று பிரிட்டன் தங்கத் திட்டத்தைக் கைவிட்டது. பவுனோடு பிணைக்கப்பட்டிருந்த ரூபாயும் தங்கத்துக்கு எதிராக மதிப்பிழந்தது. அதுவரை ஒரு தோலா தங்கத்தின் மதிப்பு ஏறத்தாழ 21 ரூபாய். சில ஆண்டுகளில் அது 30 ரூபாயைத் தாண்டியது.

உழவர் வீட்டில் இருந்த பொருள்களில் விலை ஏறியது தங்கம் ஒன்றே. நெல்லை விற்றால் நட்டம். நிலத்தை வாங்க ஆளில்லை. எனவே வரிக்கும் வட்டிக்கும் நகைகள் விற்கப்பட்டன. பெண்கள் சீதனமாகக் கொண்டுவந்த நகைகளே பெரும்பாலான குடும்பங்களின் சேமிப்பாக இருந்தமையால், இவ்விற்பனையின் இழப்பு அவர்கள்மீதே மிகுதியாக விழுந்தது. நல்ல விலை கிடைத்ததால் சிலர் கடனின் ஒரு பகுதியை அடைத்தனர் என்பதும் உண்மை. ஆனால் அடுத்த பஞ்சத்துக்கோ நோய்க்கோ கைகொடுக்க வேண்டிய பொருள் தீர்ந்துபோயிற்று.

பல பத்தாண்டுகளாகத் தங்கத்தை இறக்குமதி செய்துவந்த இந்தியா 1931க்குப் பின் தங்க ஏற்றுமதி நாடாக மாறியது. ஏற்றுமதியைத் தடை செய்ய வேண்டுமென்ற இந்தியத் தலைவர்களின் கோரிக்கையை அரசு ஏற்கவில்லை. இங்கிலாந்துக்கு ஆண்டுதோறும் செலுத்த வேண்டிய தொகைக்கு இத்தங்கம் உதவியதே அதற்கு முக்கியக் காரணம்.

பர்மாவில் முடங்கிய முதல்

கடன் கொடுத்தோரையும் மந்தம் தாக்கியது. செட்டிநாட்டு நகரத்தார் கீழ்ப்பர்மாவின் நெல் உழவர்களுக்குப் பெருமளவில் கடன் கொடுத்திருந்தனர். அரிசி விலை வீழ்ந்ததும் வட்டி வரவு நின்றது. ஈடாக வைக்கப்பட்ட நிலங்கள் அவர்கள் கைக்கு வந்தன. பர்மாவின் முதன்மையான 13 நெல் மாவட்டங்களில் அவர்கள் வசமிருந்த நிலம் 1930இல் 6 விழுக்காடு. 1937இல் 25 விழுக்காடு. நிலம் இழந்த பர்மியரின் வெறுப்பு வளர்ந்தது. பணமாகத் திரும்ப வேண்டிய முதல் விற்க முடியாத நிலமாக உறைந்தது. 1942இல் சப்பானியப் படையெடுப்பும், பர்மா விடுதலைக்குப் பின் வந்த நில நாட்டுடைமையும் அம்முதலின் பெரும்பகுதியை அழித்தன. புதிய கடன் கிடைப்பது தமிழ்நாட்டிலும் அரிதாயிற்று.

1938ஆம் ஆண்டுச் சட்டம்

1935இல் டபிள்யூ. ஆர். எஸ். சத்தியநாதன் அளித்த அறிக்கை, மாகாணத்தின் ஊரகக் கடனை ஏறத்தாழ 200 கோடி ரூபாய் எனக் கணித்தது. புதிய கடன் சுருங்கிய காலத்தில் மொத்தக் கடன் பெருகியதற்குக் கட்டப்படாத வட்டி முதலோடு சேர்ந்தது ஒரு காரணம். 1936இல் கடன் சமரசச் சட்டம் வந்தது. ஆனால் இருதரப்பும் இணங்கினால் மட்டுமே சமரசம் பயன் தந்தது.

1937இல் பதவியேற்ற இராசாசி அமைச்சரவை அடுத்த ஆண்டு வேளாளர் கடன் நிவாரணச் சட்டத்தை நிறைவேற்றியது. அதன் முக்கியக் கூறுகள்:

- 1932 அக்டோபர் 1க்கு முந்தைய கடன்களுக்கு, 1937 அக்டோபர் 1 வரை நின்ற வட்டி முழுவதும் தள்ளுபடியானது.
- முதலும் வட்டியுமாக, வாங்கிய தொகையின் இரு மடங்கு ஏற்கெனவே கட்டப்பட்டிருந்தால் கடன் முற்றிலும் தீர்ந்தது.
- அதற்குப் பிந்தைய கடன்களுக்கு 5 விழுக்காடு தனிவட்டி கணக்கிடப்பட்டது.

வட்டி முதலை மிஞ்சக் கூடாது என்னும் பழைய இந்து சட்ட மரபாகிய தாம்துபத்தின் சாயல் இதில் உண்டு. கடன் கொடுத்தோர், ஒப்பந்த உரிமை பறிக்கப்படுவதாகக் கூறி எதிர்த்தனர். நிலத்தில் உரிமை உள்ளவரே சட்டத்தின் பார்வையில் வேளாளர். ஆகவே நிலமற்ற கூலி உழைப்பாளர் இதன் பயனைப் பெறவில்லை.

பின்விளைவு

இரண்டாம் உலகப் போரின்போது விலைகள் ஏறியதால் கடன் சுமை எதிர்த்திசையில் நகர்ந்தது. போர் முடிவில் பி. வி. நாராயணசாமி நாயுடு நடத்திய ஆய்வின்படி, ஊரகத்தில் தலைக்கு 51 ரூபாயாக இருந்த கடன் 1939க்கும் 1945க்கும் இடையே ஏறத்தாழ 40 ரூபாயாகக் குறைந்தது. விற்க உபரி விளைச்சல் வைத்திருந்த பெரு நிலக்காரர்களே இதனால் மிகுந்த பயன் அடைந்தனர். அரிசியை விலைக்கு வாங்கி உண்ட கூலி உழைப்பாளரின் கடனோ கூடியது. விலை விழுந்தபோது கடனாளி உழவன் இழந்தான். விலை ஏறியபோது கூலிக்காரன் இழந்தான். இரு முறையும் சேமிப்பு இல்லாத குடும்பமே முதலில் வீழ்ந்தது.

விடுதலைக்குப் பின்னும் கடன் வாயில்கள் உடனே மாறிவிடவில்லை. 1951–52இல் நடந்த அகில இந்திய ஊரகக் கடன் ஆய்வின்படி, உழவர் பெற்ற கடனில் கூட்டுறவுச் சங்கங்களின் பங்கு 3 விழுக்காடு அளவிலும், வணிக வங்கிகளின் பங்கு 1 விழுக்காட்டுக்கும் கீழாகவும் இருந்தன. ஏறத்தாழ 70 விழுக்காடு வட்டிக்கு விடுவோரிடமிருந்தே வந்தது. இந்த ஆய்வின் பரிந்துரையை ஒட்டியே 1955இல் இம்பீரியல் வங்கி பாரத ஸ்டேட் வங்கியாக மாற்றப்பட்டு, அதன் கிளைகள் சிற்றூர்களை நோக்கி விரிவடையத் தொடங்கின.