மேகத்தினூடே இறங்கும் மார்க்கம்

ஆகாய விமானம் தோன்றிய முதற் கால் நூற்றாண்டில் விமானியின் கண்ணே அவனுக்கு வழிகாட்டியாயிருந்தது; பனிமூட்டம் தரையை மறைத்த மாத்திரத்தில் இறங்குவதென்பது தெய்வாதீனமாகிவிடும். 1929-ஆம் ஆண்டு செப்டம்பர் 24-ந் தேதி, நியூயார்க்கை அடுத்த மிச்சல் மைதானத்தில், ஜேம்ஸ் டூலிட்டில் என்ற ராணுவ விமானி தம் ஆசனத்தைத் துணிக்கூண்டால் மூடிக்கொண்டு, சுமார் கால்மணி நேரம் கருவிகளை மட்டுமே பார்த்து, ஏறி, வட்டமிட்டு, இறங்கியபோதுதான் அந்நிலை மாறத் தொடங்கியது. ஆபத்துக்கு உதவ முன் ஆசனத்தில் அமர்ந்திருந்த பென் கெல்ஸி, தாம் விமானத்தை இயக்கவில்லை என்பது பார்ப்போருக்கு விளங்கும்படி, கைகளை வெளியே தெரிய வைத்துக்கொண்டிருந்தார். ஸ்பெர்ரியின் செயற்கை அடிவானமும், கோல்ஸ்மனின் நுட்பமான உயரமானியும், ரேடியோ சமிக்ஞையும் அன்று கண்ணின் ஸ்தானத்தை வகித்தன.

அந்தச் சாகசம் நித்திய வழக்கமாவதற்கு நெடுநாள் பிடித்தது. 1930-களில் அமெரிக்க விமானிகள் நம்பியிருந்தது செவியை: ரேடியோ நிலையத்தினின்று மோர்ஸ் குறிப்பில் ஒருபுறம் 'ஏ' எழுத்தும் மறுபுறம் 'என்' எழுத்தும் ஒலிக்க, இரண்டும் இழைந்து இடைவிடாத ரீங்காரமாகக் கேட்கும் இடமே பாதை, நிலையத்துக்கு நேர் மேலே ஓசை அற்றுப்போகும். ஓசை அவிந்த அந்தக் கணத்தில் தான் இருக்குமிடத்தை ஐயமற அறிந்த விமானி, அங்கிருந்து வெளிநோக்கிக் குறித்த நிமிஷங்கள் பறந்து, திரும்பி, படிப்படியாகத் தாழ்ந்து, மறுபடியும் நிலையத்தைக் கடந்து ஓடுபாதையை நாடுவான்; இன்று ஆரம்பக் கட்டம், இடைக் கட்டம், இறுதிக் கட்டம் என்று சாஸ்திரீயமாக வகுத்துச் சொல்லப்படுவதன் பூர்வ ரூபம் இதுவே என்று எனக்குத் தோன்றுகிறது. இடிமழை வேளையிலோ வானொலி இரைச்சல் அந்த ரீங்காரத்தை விழுங்கிவிடும். மிகவும் வேண்டிய நேரத்தில் கைவிடும் துணை!

உலகப்போருக்குப் பின் சர்வதேச நியமமான, கருவிகளைக் கொண்டு இறங்கும் ஐ.எல்.எஸ். முறை, செவியின் சுமையை மறுபடியும் கண்ணுக்கே மாற்றியது. ஓடுபாதையின் மறுகோடியிலிருந்து வரும் ஒரு கற்றை இடவலத்தையும், பாதையின் பக்கத்திலிருந்து சுமார் மூன்று பாகைச் சரிவில் எழும் மற்றொன்று ஏற்றத்தாழ்வையும் காட்ட, இரு முட்களையும் நடுவில் நிறுத்தியபடி இறங்கவேண்டியதுதான். சாதாரண வகையில், 200 அடி உயரத்துக்கு வந்தும் ஓடுபாதையோ அதன் விளக்குகளோ கண்ணில் படாவிட்டால், உடனே மேலெழுந்துவிட வேண்டும்.

இறங்காமல் இவ்வாறு மேலெழும் மீளல் கட்டத்தைத் தோல்வியென்று எண்ணுவோர் உண்டு. கட்டங்களுள் இதையே நான் பிரதானமாகக் கருதுகிறேன். முற்றுகைக்குள்ளான பெர்லினுக்கு உணவும் நிலக்கரியும் ஆகாய மார்க்கமாகச் சென்றுகொண்டிருந்த 1948-இல், ஆகஸ்ட் 13, வெள்ளிக்கிழமையன்று, மழையிலும் தாழ்ந்த மேகத்திலும் டெம்பெல்ஹாஃப் ஓடுபாதையில் ஒரு விமானம் எரிந்து, மற்றொன்றின் சக்கரங்கள் வெடித்துவிட, பின்வந்தவை மேலே அடுக்கடுக்காக வட்டமிட நேர்ந்தது. அவற்றுள் ஒன்றில் அகப்பட்டுக்கொண்ட தளபதி வில்லியம் டன்னர் பிற்பாடு ஒரு விதி வகுத்தார்: முதல் முயற்சியில் இறங்க இயலாதவன், இரண்டாம் முறை முயலாமல், பின்னால் வருபவனுக்கு வழியை விட்டு, ஏற்றிவந்த சுமையோடு புறப்பட்ட தளத்துக்கே திரும்பிவிட வேண்டும் என்று.