செவிலியர் பணியில் தகவல் தொடர்புத் திறன்: அந்தமான் தீவுகள்

நோயாளி சொல்வதைச் சரியாக வாங்கிக்கொள்வது, சிகிச்சையை அவருக்கு விளங்கும்படி சொல்வது, டியூட்டி மாறும்போது அடுத்த செவிலியரிடம் அவர் நிலைமையைப் பிசகாமல் ஒப்படைப்பது ஆகிய மூன்றும் சேர்ந்ததே செவிலியரின் தகவல் தொடர்புத் திறன். இதைக் கனிவு, பொறுமை போன்ற நற்குணமாக மட்டும் பார்ப்பது வழக்கம். ஊசி போடுவதைப் போலப் பயிற்சியால் கைவருவதும், தவறினால் உடலுக்குத் தீங்காக முடிவதுமான சிகிச்சைச் செயலாகவே இதைக் கொள்ள வேண்டும். அந்தமான் நிக்கோபார் தீவுகளில் இது கண்கூடு. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி அங்கே வங்காளம் சுமார் 28, இந்தி 19, தமிழ் 15, தெலுங்கு 13 சதவீதத்தினருக்குத் தாய்மொழி. நிக்கோபாரியும் மலையாளமும் அடுத்து வருகின்றன. தலைநகர் ஸ்ரீ விஜயபுரத்தில் (2024 வரை போர்ட் பிளேர்) ஷாதிபூரில் குடியிருப்பவரும், தொலைதூரத் தீவிலிருந்து கப்பலேறி வருபவரும் மேல்சிகிச்சைக்குச் சேருமிடம் அங்குள்ள ஜி.பி. பந்த் மருத்துவமனை.

தீவுகளில் எல்லாரும் இந்தி பேசுகிறார்களே, பிறகென்ன சிக்கல் என்று கேட்கலாம். கடைத்தெருவுக்கும் படகுத்துறைக்கும் அந்த இந்தி போதும். நெஞ்சு அடைக்கிறதா, கரிக்கிறதா, குத்துகிறதா என்று பிரித்துச் சொல்ல முதியவர்களுக்குத் தாய்மொழிதான் வரும். அந்த வேறுபாட்டை வைத்தே செவிலியர் மருத்துவரை உடனே அழைப்பதா என்று முடிவெடுக்கிறார். கூட வந்த உறவினர் மொழிபெயர்க்கட்டும் என்பதும் பாதுகாப்பான வழியன்று. அமெரிக்கக் குழந்தைகள் அவசரப் பிரிவுகளில் நடந்து 2012இல் வெளியான ஓர் ஆய்வில், சிகிச்சையைப் பாதிக்கக்கூடிய பிழைகளின் பங்கு தொழில்முறை மொழிபெயர்ப்பாளரிடம் 12 சதவீதம். உறவினர் போன்ற தற்செயல் மொழிபெயர்ப்பாளரிடம் 22 சதவீதம். மொழிபெயர்ப்பாளரே இல்லாதபோதும் 20 சதவீதம்தான். மொழி தெரிந்திருப்பது வேறு, நோயை மொழிபெயர்ப்பது வேறு என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

மொழி தெரிந்தால் மட்டும் போதாது என்பதற்கு லிட்டில் அந்தமானின் டுகாங் கிரீக்கில் ஓங்கே பழங்குடியினரிடையே பணியாற்றிய செவிலியர் சாந்தி தெரேசா லக்ராவைச் சொல்லலாம். அவர் அம்மக்களுடன் தங்கிப் பழகி நம்பிக்கையைப் பெற்றார். 2004 ஆழிப்பேரலையின்போதும் அவர்களோடு இருந்தார். 2011இல் பத்மஸ்ரீ பெற்றார். நூறு பேர் அளவேயான ஓர் இனத்துக்கு அந்த நம்பிக்கையின் மதிப்பு மிகப் பெரியது.

வார்டில் நெரிசல், உட்கார்ந்து பேச நேரமேது என்பதே வலுவான மறுப்பு. ஆள் பற்றாக்குறை உண்மை. பேச்சுப் பயிற்சியால் அது தீராது. ஆனால் பேசாமல் விடுவதால் நேரம் மிச்சமாவதில்லை. இன்சுலினை எடுத்துக்கொள்வோம். மில்லிலிட்டருக்கு 40 யூனிட் மருந்துக்கான சிரிஞ்சில், மில்லிலிட்டருக்கு 100 யூனிட் உள்ள மருந்தை அதே கோடு வரை இழுத்தால் உடலில் ஏறுவது இரண்டரை மடங்கு. வீட்டுக்கு அனுப்பும்போது “புரிஞ்சுதா?” என்று கேட்டால் எவரும் தலையாட்டுவார். “எந்த சிரிஞ்சுல, எவ்வளவு எடுப்பீங்க? எடுத்துக் காட்டுங்கம்மா” என்றால் பிழை அங்கேயே தெரிந்துவிடும். இதற்கு ஓரிரு நிமிடங்கள் போதும். பெருநிலத்தில் ஐயம் வந்தால் மறுநாள் பேருந்தேறி வரலாம். தீவில் அடுத்த கப்பல் வரும்வரை அந்தப் பிழை தினமும் உடலுக்குள் போய்க்கொண்டிருக்கும். ஆகவே செவிலியர் தேர்வில் ஊசி போடுவதைச் செய்து காட்டச் சொல்வதைப் போல, இந்த உரையாடலையும் செய்து காட்டச் சொல்லி மதிப்பெண் இட வேண்டும்.