பின்னால் சுற்றும் சக்கரம்

பழைய படங்களில் பார்த்திருப்பீர்கள். குதிரை வண்டி முன்னால் பாயும், சக்கரம் மட்டும் பின்னால் சுற்றும். சின்ன வயசில் அதை கேமராக் கோளாறுன்னு நினைச்சிருந்தேன். சினிமாவோடு வந்த பிழை என்று. வரலாறோ வேறு மாதிரி சொல்கிறது. சினிமாவுக்கு வழி காட்டியதே இந்தப் பிழைதான்.

முதலில் கணக்கைப் பார்த்துவிடுவோம். சினிமா கேமரா நொடிக்கு 24 படம் எடுக்கிறது. 12 ஆரக்கால் உள்ள சக்கரத்தில் ஒரு காலுக்கும் அடுத்த காலுக்கும் நடுவே 30 பாகை. இரண்டு படங்களுக்கு இடையில் சக்கரம் 27 பாகை முன்னே நகர்ந்தால் என்ன ஆகும்? எல்லாக் கால்களும் ஒரே ஜாடை. எந்தக் கால் எங்கே போனதுன்னு அடையாளம் தெரியாது. அடுத்த கால் 3 பாகை பின்வாங்கியதாகவே நமக்குத் தோன்றும். நொடிக்கு 1.8 சுற்று ஓடும் சக்கரம், திரையில் 5 நொடிக்கு ஒரு சுற்று பின்னால் போகும்.

1824 டிசம்பரில் பீட்டர் மார்க் ரோஜெட் என்ற மருத்துவர் லண்டன் ராயல் சொசைட்டிக்கு ஒரு கட்டுரை தந்தார். பின்னாளில் தெசாரஸ் தொகுத்த அதே ரோஜெட். வேலிக் கம்பிகளின் இடைவெளி வழியாகப் பார்த்தால், உருண்டு போகும் வண்டிச் சக்கரத்தின் நேரான கால்கள் ஏன் வளைந்து தெரிகின்றன என்பதே அவர் கேள்வி. பிறகு ஃபாரடே, ஓர் ஆலையில் வேகமாகச் சுழன்ற பல்சக்கரங்கள் ஒன்றின் பின் ஒன்றாகத் தெரிந்தபோது, ஒரு திசையில் மெதுவாக நகரும் நிழல் போன்ற பற்களைக் கண்டார். அட்டையில் சக்கரம் வெட்டிச் சோதித்தார்.

அடுத்த அடியை பெல்ஜியத்தின் ஜோசஃப் பிளாட்டோ 1832-இல் எடுத்து வைத்தார். விளிம்பில் பிளவுகள், உள்ளே படங்கள் கொண்ட அட்டைத் தட்டு ஒன்று செய்தார். அதைச் சுழற்றி, பிளவு வழியே கண்ணாடியில் பார்த்தால் படங்கள் உயிர் பெற்று ஆடும். பிளவுகளைவிட ஒரு படம் குறைவாக இருந்தால் அவை சுழற்சிக்கு எதிர்த்திசையில் நகரும், நம் வண்டிச் சக்கரம் மாதிரியே! ஏறக்குறைய அதே சமயம் வியன்னாவில் ஸ்டாம்ஃபரும் தனியாக இதைக் கண்டுபிடித்தார். பிளாட்டோவின் கருவிக்கு நிலைத்த பெயர் ஃபெனகிஸ்டிஸ்கோப். ஏமாற்றுதல் என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்த பெயர் அது.

1829-இல் ஒரு சோதனைக்காகச் சூரியனையே உற்றுப் பார்த்தவர் பிளாட்டோ. 1843-இல் அவருக்குப் பார்வை முழுசாகப் போனது. சூரியன்தான் காரணம்னு ரொம்ப காலம் சொல்லிவந்தார்கள். கண் அழற்சி நோயாக இருக்கலாம் என்பது இப்போதைய கருத்து. பார்வை போன பிறகும் 40 வருஷம், குடும்பத்தாரின் கண்களை நம்பி சோப்புப் படலங்களை ஆராய்ந்தார். 1883-இல் இறந்தார். லூமியேர் சகோதரர்கள் பாரிஸில் காசு வாங்கிக்கொண்டு படம் காட்டியது அதற்குப் பன்னிரண்டு வருஷம் கழித்து, 1895-இல்.

இப்போதெல்லாம் திரையில் சக்கரம் பின்னால் சுற்றினால் எனக்குச் சிரிப்பு வருவதில்லை. முன்னால் ஓடும் குதிரையும் அதே துண்டுப் படங்கள்தானே? அதை மட்டும் நாம் பிழை என்று சொல்வதில்லை.