அரக்கில் பதிந்த குரல்கள்

காற்றிலே பிறந்து காற்றிலேயே மறைவது ஒலியின் இயல்பு. பாடியவர் மறைந்தால் அவர் குரலும் உடன் மறைந்துவிடும் என்பதே நெடுங்காலம் இருந்து வந்த நியதி. பண்டைய இசைவாணர் பலரின் புகழை நாம் அறிவோம், குரலை அறியோம். இந்த நியதியை மாற்றியது சுழலும் ஒரு கருந்தட்டு. அதன் வரலாற்றில் நாம் வாழும் இந்தக் கல்கத்தா மாநகருக்குத் தனியிடம் உண்டு.

1877-ஆம் ஆண்டில் தாமஸ் ஆல்வா எடிசன் வெள்ளீயத் தகடு சுற்றிய ஓர் உருளையில் மனிதக் குரலைப் பதித்துத் திரும்பக் கேட்கச் செய்தார். பத்தாண்டுகள் கழித்து, 1887-இல், எமில் பெர்லினர் உருளைக்குப் பதிலாகத் தட்டையான வட்டத்தைக் கையாண்டார். ஓர் அச்சிலிருந்து ஆயிரக்கணக்கில் படி எடுக்க வழி பிறந்தது. ஏட்டுச்சுவடிக்குப்பின் அச்சு நூல் வந்ததை ஒத்த மாறுதல் இது.

இசைத்தட்டின் தத்துவம் எளியது. ஒலி என்பது காற்றின் அதிர்வு. பாடகரின் குரல் ஒரு கூம்புக் குழலுள் புகுந்து மெல்லிய சவ்வொன்றை அதிரச் செய்யும். சவ்வோடு இணைந்த ஊசி, சுழலும் மெழுகுத் தட்டில் நெளிநெளியான கோடு ஒன்றைக் கீறிச் செல்லும். தட்டின் ஒரு பக்கத்தில் நூற்றுக்கணக்கான கோடுகள் இருப்பதாகத் தோன்றினாலும், உண்மையில் இருப்பது விளிம்பிலிருந்து நடுவை நோக்கிச் சுருண்டு செல்லும் ஒரே கோடுதான். மெழுகின்மேல் உலோகம் பூசி அச்சு எடுத்து, இளக்கிய அரக்கில் அழுத்தினால் இசைத்தட்டு உருவாகிறது. அக்கோட்டில் மீண்டும் ஓர் ஊசி ஓடும்போது, முன்பு நிகழ்ந்த அதே அதிர்வு சவ்வில் எழுந்து, குழல் வழியே குரலாகிறது.

அந்த அரக்கு நம் நாட்டுப் பொருள். சோட்டா நாகபுரிக் காடுகளில் பலாசு, இலந்தை முதலிய மரங்களில் வாழும் சிறு பூச்சிகள் சுரப்பது. கல்கத்தாத் துறைமுகம் வழியாக அது கப்பலேறிச் சென்றது. 1902 நவம்பரில் பிரெட் கெய்ஸ்பெர்க் இந்நகருக்கு வந்து கௌஹர் ஜானின் குரலைப் பதிவு செய்தார். தட்டுகள் அச்சானதோ ஜெர்மனியின் ஹானோவர் நகரில். 1908-இல் சியால்டாவில் தொழிற்சாலை எழுந்த பின்னரே இந்தியக் குரல்கள் இந்திய மண்ணிலேயே தட்டுகளாயின. பின்னாளில் டம்டம் ஆலையிலிருந்து தமிழ்ப் பாட்டுகளும் தென்னாட்டுக்குப் பயணமாயின.

பத்து அங்குலத் தட்டு நிமிடத்துக்கு ஏறத்தாழ 78 முறை சுழலும். ஒரு பக்கம் மூன்று நிமிடங்களே ஓடும். மணிக்கணக்கில் விரியும் இராகத்தைச் சில கணங்களில் சுட்டி, பல்லவியைத் தொட்டு, சரணத்தை முடிக்க வேண்டியிருந்தது. இதனால் இசை குறுகியது என்பார் உண்டு. ஆனால் கோயம்புத்தூர்த் தாயி போன்ற கலைஞர்களின் பாட்டு, அவர்களைத் தம் இல்லத்துக்கு அழைக்கத் தயங்கிய குடும்பங்களிலும் ஒலித்ததற்கு அந்த மூன்று நிமிடத் தட்டே காரணம். சபாவுக்குச் செல்ல இயலாத பெண்களும், சீட்டு வாங்க இயலாத ஏழைகளும் கடைவாசலில் நின்றாவது பாட்டுக் கேட்டனர்.

செங்கோட்டை எஸ்.ஜி. கிட்டப்பாவை எண்ணிப் பார்ப்போம். 1906-இல் பிறந்த அவர் 1933-இல், தம் 27-ஆம் வயதில் மறைந்தார். தமிழில் பேசும்படம் 1931-இல்தான் தோன்றியது. அவர் எப்படத்திலும் நடிக்கவில்லை. ஒலிநாடாவோ நம் நாட்டில் அன்று இல்லை. நாடக மேடையை ஆண்ட அக்குரல் இன்று நமக்குக் கேட்கிறதெனில், அதற்கு இசைத்தட்டு ஒன்றே சாட்சி.

காலப்போக்கில் முறைகள் மாறின. 1925-இல் மின்சார ஒலிப்பதிவு வந்தது; ஊசியின் அசைவைக் காந்தமும் கம்பிச் சுருளும் மின்னலைகளாக்க, பெருக்கி அவற்றை வலுவாக்கி ஒலிபெருக்கிக்கு அனுப்பும் முறை பிறந்தது. 1948-இல் நிமிடத்துக்கு 33⅓ முறை சுழலும் நீளிசைத் தட்டு வினைலில் வெளியாயிற்று. கோட்டின் இரு சுவர்களிலும் இரு வேறு ஒலிகளைப் பதிக்கும் ஸ்டீரியோ முறைக்கு ஆலன் புளூம்லைன் 1931-இலேயே வழிகண்டார். அத்தகைய தட்டுகள் 1958-இல் கடைகளில் பரவின.

அரக்குத் தட்டு கண்ணாடியைப் போன்றது. விழுந்தால் உடையும், வெயிலில் வளையும். தேய்ந்த ஊசி அதன் கோட்டை அழித்துவிடும். ஊர் மாறி வந்த நம் குடும்பங்களின் டிரங்குப் பெட்டிகளில் முன்னோர் கொணர்ந்த தட்டுகள் இன்னும் சில கிடக்கலாம். அவற்றைப் பழைய சாமானோடு எடைக்குப் போடாதீர்கள். வெப்பம் படாத இடத்தில் நிமிர்த்தி அடுக்குங்கள். தக்கவரிடம் கொடுத்து மின்னணுப் படி எடுத்து வையுங்கள். யார் வாங்கியது, எந்நாளில் கேட்டது என்று ஒரு சீட்டில் எழுதி உறையில் செருகுங்கள். ஒரு தட்டு உடைந்தால் அதில் வாழும் குரலின் கடைசிப் படியே உடைந்ததாக இருக்கக்கூடும். தமிழைப் பேணுவது நூலைப் பேணுவதோடு முடிவதன்று; தமிழ் ஒலித்த குரலைப் பேணுவதும் நம் கடமையே.