ஆஷியம்மாவின் அடுக்களை

சேதுக் கரை முஸ்லிம்களின் வரலாற்றை எழுதப் புகுந்தோர் பெரும்பாலும் கப்பலிலிருந்தே தொடங்குவர். கீழக்கரை வள்ளல் சீதக்காதி, உமறுப் புலவரின் சீறாப்புராணம், முத்துக் குளிப்பு, இலங்கை வாணிபம், மார்க்க மேதைகள் என்று அவ்வரலாறு விரியும். நாமும் பல்லாண்டுகளாக மாணவர்க்கு அவ்வாறே பாடஞ் சொல்லி வந்தோம். அக்கப்பல்களில் ஏறிச் சென்றவர்க்குச் சோறு கட்டிக் கொடுத்த கைகள் யாருடையவை என்னும் வினா, நமக்கு ஐம்பது வயது கடந்த பின்னரே எழுந்தது.

அவ்வினாவோடு ஏடுகளைப் புரட்டுகையில், இராமேசுவரம் பள்ளிவாசல் தெருவில் வாழ்ந்த ஓர் அன்னையே முதலில் நம் கண்முன் வந்து நிற்கிறார். அவர்தாம் ஆஷியம்மா. பின்னாளில் நாட்டின் குடியரசுத் தலைவரான ஆ.ப.ஜெ. அப்துல் கலாம் அவர்களின் தாயார். 1999 ஆம் ஆண்டு வெளிவந்த தம் வாழ்க்கை வரலாற்றை, அன்னையைப் பற்றிய கவிதை ஒன்றோடுதான் கலாம் தொடங்குகிறார். ‘அக்னிச் சிறகுகள்’ என்று தமிழில் வந்த அந்நூலை ஏவுகணைகளின் கதையென்றே பலர் படித்தனர். நாம் அதனை ஓர் அடுக்களையின் கதையாகப் படித்தோம்.

ஆஷியம்மாவின் முன்னோருள் ஒருவர் ஆங்கிலேயரிடம் ‘பகதூர்’ பட்டம் பெற்றவர். கணவர் ஜைனுலாப்தீன் படகுத் தொழில் செய்தவர். பள்ளிவாசலில் தொழுகை நடத்தியவர். யாத்திரிகரைத் தனுஷ்கோடிக்கு ஏற்றிச் செல்லப் படகு கட்டியவர். வைகறைத் தொழுகைக்குப் பின் நாலு மைல் தொலைவிலுள்ள தென்னந்தோப்புக்கு நடந்து சென்று, பத்துப் பன்னிரண்டு தேங்காய்களைத் தோளிலே தொங்கவிட்டுக் கொண்டு திரும்புவது அவர் வழக்கம். அத்தேங்காய் சட்னியாகும். வாழையிலையில் சோறும் மணமுள்ள சாம்பாரும் வீட்டு ஊறுகாயும் வைத்து, அடுக்களைத் தரையில் தம்மருகே மகனை அமர்த்தி உண்பிப்பார் ஆஷியம்மா. அவ்வீட்டார் அனைவரையும் கூட்டினாலும், நாள்தோறும் அங்கே உண்ட வெளியார் தொகைக்குக் குறைவாகவே இருக்கும் என்று மகன் எழுதுகிறார். பிள்ளைகளே பத்துப் பேர் வளர்ந்த வீடு அது. அதற்கு மேலும் உலை வைத்தவரின் உழைப்பை எண்ணிப் பாருங்கள்! விருந்தோம்பல் என்று நாம் மேடையில் எளிதாகச் சொல்லிவிடும் சொல்லுக்குள் விறகும் புகையும் இருக்கின்றன.

1939 இல் இரண்டாம் உலகப் போர் மூண்டது. இராமேசுவரத்தில் ரயில் நிற்பது நிறுத்தப்பட்டது. செய்தித்தாள் கட்டுகள் ஓடும் வண்டியிலிருந்து எறியப்பட்டன. அவற்றைப் பொறுக்கியெடுத்து விநியோகிக்கும் வேலையில் சிறுவர் கலாம் சேர்ந்தார். விடியுமுன் கணக்குப் பாடம், பின்பு அரபிப் பள்ளியில் குர்ஆன் ஓதுதல், அதன் பின்னர் செய்தித்தாள். நீராடி வருவோர்க்கே பாடம் என்பது கணக்காசிரியர் விதித்த நிபந்தனை. ஆகவே மகனுக்கு முன்னரே எழுந்து, அவரைக் குளிப்பாட்டி அனுப்புவது தாயின் கடமையாயிற்று.

பங்கீட்டுக் காலத்தில் ஓரிரவு, தாய் சப்பாத்தியை இலையில் வைக்க வைக்க மகன் உண்டுகொண்டேயிருந்தார். உண்டு முடிந்ததும் மூத்த சகோதரர் அவரைத் தனியே அழைத்து, உம்மா தம் பங்கையும் உனக்கே வைத்துவிட்டார்கள், அவர்களுக்கு இனி ஒன்றுமில்லை என்று கடிந்துரைத்தார். சிறுவர் நடுங்கிப்போய், ஓடித் தாயைக் கட்டிக்கொண்டார். இந்நிகழ்ச்சியைக் கலாம் முதுமையிலும் மேடைகளிற் சொல்லி வந்தார். தாய் அதனைச் சொல்லவில்லை என்பதே நாம் கவனிக்க வேண்டியது. சகோதரர் வாய் திறவாதிருந்தால் அந்த இரவு ஒருவருக்கும் தெரியாமலே போயிருக்கும்.

அவ்வீட்டில் மற்றொரு மூதாட்டியும் இருந்தார். கலாமின் பாட்டியார் அவர். இரவிலே பிள்ளைகளைப் படுக்க வைத்துத் தாயும் பாட்டியும் நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் வாழ்க்கை நிகழ்ச்சிகளைச் சொல்வர். இராமாயணக் கதைகளையும் சொல்வர். இதைக் கேட்டு நம்மவருள் சிலர் புருவம் நெரிக்கலாம். தீவின் வாழ்க்கையை அறிந்தோர் நெரியார். சீதா கல்யாண விழாவில், உற்சவ மூர்த்திகள் இராம தீர்த்தக் குளத்தின் நடுவே எழுந்தருளப் படகு அமைத்துக் கொடுத்தது இக்குடும்பமே. அண்டை வீட்டாரின் கதையை அறிந்திருப்பதால் எவருடைய ஈமானும் குறைந்ததாக நாம் கண்டதில்லை.

ஆஷியம்மா என்னும் பெயரில், ஆசியா என்னும் பெயரின் ஓசை நம் செவியிற் படுகிறது. மூஸா நபியை ஆற்றிலிருந்து எடுத்து வளர்த்த பிர்அவ்னின் மனைவியார் பெயர் அது. அப்பெயரை ஹதீஸே கூறும். திருக்குர்ஆன் அவரைப் பிர்அவ்னின் மனைவி என்றே குறிக்கிறது. ஈன்ற தாயையும் மூஸாவின் தாய் என்றே குறிக்கிறது. பெற்றவர், வளர்த்தவர் இருவரும் பெயரால் அன்றிச் செயலாலேயே அங்கு அறியப்படுகின்றனர்.

இதே கடற்கரையிலே பெயரும் நூலும் விட்டுச் சென்ற ஓர் ஆசியாவும் உண்டு. கீழக்கரை செய்யிது ஆசியா உம்மா மெய்ஞ்ஞானப் பாடல்கள் இயற்றிய பெண்பாற் புலவர். தமிழை அரபு எழுத்தில் எழுதும் அரபுத்தமிழே அக்கால நம் பெண்டிரின் கல்வி. தமிழ் எழுத்தறியாதவர் என்று அரசாங்கக் கணக்கில் தற்குறியாகப் பதியப்பட்ட பலர், வீட்டுக்குள்ளே மாலைகளும் கிஸ்ஸாக்களும் தடையின்றி ஓதி வந்தனர்.

ஜைனுலாப்தீன் நூறு வயதைக் கடந்து 1976 இல் வபாத்தானார். ஆஷியம்மா அவருக்குப் பின் மறைந்தார். 2002 ஜூலை 25 அன்று மகன் குடியரசுத் தலைவராகப் பதவியேற்றதை அவ்விருவரும் காணவில்லை. 2015 இல் மறைந்த மகன் அத்தீவிலேயே, பேக்கரும்பில் அடக்கம் செய்யப்பட்டார். பள்ளிவாசல் தெரு வீட்டில் இன்று காட்சிக்கூடம் உள்ளது. அங்கு செல்வோர் ஏவுகணைப் படங்களைக் காண்கின்றனர். நாம் சென்றபோது நம் மனம் அடுப்பிருந்த இடத்தையே தேடிற்று.

அத்தேடலுக்கு ஒரு காரணம் உண்டு. எங்கள் உம்மம்மாவிடம் அரபுத்தமிழில் எழுதிய குறிப்பேடு ஒன்றிருந்தது. தாலாட்டு, கை மருந்து, யார் வீட்டுக்கு எத்தனை படி அரிசி கொடுத்தது, எந்தப் பிள்ளை எந்தப் பிறையில் பிறந்தது, எல்லாம் அதில் இருந்தன. அவர்கள் வபாத்தான ஆண்டில் நாம் மத்ரஸாவில் பட்டம் பெற்று ஊர் திரும்பியிருந்தோம். அரபுக் கிதாபுகளைக் கற்ற செருக்கு மிகுந்திருந்த வயது. சிதைந்த குர்ஆன் தாள்களைக் கண்ணியமாகக் கடலிற் சேர்க்கும் வழக்கப்படி ஒரு மூட்டை கட்டியபோது, அக்குறிப்பேட்டையும் அதனுள் வைத்தோம். படிக்கத்தக்கது ஒன்றுமில்லை என்பது நம் தீர்ப்பு.

எங்கள் பிறந்த நாள் அதில்தான் இருந்தது என்று பின்னர் உம்மா சொன்னார்கள். பள்ளிக்கூடப் பதிவேட்டில் உள்ளது, சேர்த்துக்கொண்ட ஆசிரியர் மதிப்பிட்டு எழுதிய தேதி. உம்மா நம்மைக் கடியவில்லை. “பிறை மட்டும் நினைவிருக்கு, வருஷம்தான் இல்லை” என்று சொல்லிவிட்டு, உலையில் அரிசியை இடப் போய்விட்டார்கள்.