மக்களாகிய நாம்

ஆளும் உரிமை அரசுக்கு எங்கிருந்து கிடைக்கிறது? வாளின் வலியாலும் குலமரபாலும் கிடைக்கிறது என்றனர் மன்னர்கள். மக்களின் இசைவிலிருந்தே கிடைக்கிறது என்று ஜான் லாக்கும் ரூசோவும் எழுதினர். ஏட்டில் எளிதாக இருக்கும் இவ்விடை, 1946 டிசம்பரில் புதுதில்லியில் கூடிய அரசியல் நிர்ணய சபைக்குச் சங்கடமாகவே இருந்தது.

அச்சபைக்கு வழிவகுத்தது பிரிட்டிஷ் அமைச்சர் தூதுக்குழுவின் திட்டம். மாகாண உறுப்பினர்களை மக்கள் நேரே தேர்ந்தெடுக்கவில்லை. மாகாணச் சட்டசபைகளே தேர்ந்தெடுத்தன. அச்சட்டசபைகளுக்கு வாக்களிக்கும் உரிமையோ சொத்து, வரி, கல்வி ஆகியவற்றைக் கொண்டு அளக்கப்பட்டது. வயது வந்தோரில் பெரும்பாலோருக்கு அது இல்லை. சமஸ்தானங்களின் சார்பில் வந்தவர்களில் ஒரு பகுதியினர் நியமனம் பெற்றவர்கள்.

இக்குறையைச் சபைக்குள்ளேயே எடுத்துக் கூறினர். 1948 நவம்பரில் அரசியலமைப்பின் நகல் விவாதத்துக்கு வந்தபோது, வயது வந்தோர் அனைவரும் வாக்களித்து ஒரு புதிய சபையை அமைக்கும்வரை காத்திருக்க வேண்டும் என்றார் சேட் தாமோதர் ஸ்வரூப். சபை இசையவில்லை. ஆயினும் அவருடைய கேள்வியை வீண்வாதம் என்று ஒதுக்குவதற்கில்லை. "மக்களாகிய நாம்" என்று அச்சபை எழுதினால், அந்த "நாம்" யார்?

முகவுரை விவாதம் 1949 அக்டோபர் 17ஆம் நாள் நடந்தது. கடவுளின் பெயரால் எனத் தொடங்கவேண்டும் என்ற காமத் அவர்களின் திருத்தத்துக்கு ஆதரவாக 41 வாக்குகளும் எதிராக 68 வாக்குகளும் விழுந்தன. அரசியலமைப்பின் வேரும் அதிகாரமும் மக்களிடத்திலேயே இருக்கவேண்டும் என்பது சபையினர் அனைவரின் விருப்பம் என்றார் அம்பேத்கர். சொல்லோடு நில்லாமல் செயலிலும் இது காட்டப்பட்டது. நிறைவேறிய அரசியலமைப்பு கவர்னர் ஜெனரலின் ஒப்புதலுக்கு அனுப்பப்படவில்லை. சபைத் தலைவர் ராஜேந்திர பிரசாத்தின் கையொப்பமே போதுமானதாயிற்று. மேலும், 395ஆம் விதி, பிரிட்டிஷ் பாராளுமன்றம் இயற்றிய 1947ஆம் ஆண்டு இந்திய சுதந்திரச் சட்டத்தையே ரத்துச் செய்தது. தன்னைத் தாங்கிய கொம்பையே வெட்டிக்கொண்டு தனியே வேரூன்ற முயன்றதொரு கொடி!

மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்டவனுக்கு இங்கே ஒன்று தோன்றும். இங்கிலீஷ் மூலத்திலுள்ள சொல், கேட்பவரைச் சேர்க்கிறதா, விலக்குகிறதா என்று சொல்வதில்லை. தமிழில் அப்படித் தப்ப முடியாது. "நாங்கள்" என்றால் சபையில் அமர்ந்திருந்தவர்கள் மட்டுமே. "நாம்" என்றால் வெளியே நின்றவர்களும் உட்படுவர். தமிழ் முகவுரை "நாம்" என்றே சொல்கிறது.

வெளியே நின்றவர்களைப் பெயர் பெயராக எழுதும் வேலை, அரசியலமைப்பு முடிவடையுமுன் 1948லேயே தொடங்கிவிட்டது. வயது வந்தோர் அனைவருக்கும் வாக்காளர் பட்டியல் தயாரிக்குமாறு சபைச் செயலகம் மாகாணங்களுக்கு எழுதியது. பிரிவினையால் வீடிழந்து வந்த அகதிகள், ஓரிடத்தில் நிலையாகத் தங்கும் கருத்துடையோம் என்று அறிவித்தாலே பதிவுபெற வழி செய்யப்பட்டது. 21 வயது நிரம்பிய 17 கோடியே 32 லட்சம் பேர் பட்டியலில் இடம்பெற்றனர். எழுத்தறிந்தோர் அன்று 100க்கு 18 பேரே. ஆகவே ஒவ்வொரு அபேட்சகருக்கும் ஒரு சின்னம், அச்சின்னம் ஒட்டிய தனிப்பெட்டி. பனி மலைப்பாதையை மூடுமுன், 1951 அக்டோபர் 25ஆம் நாள், இமாசலத்துச் சினி வட்டத்தில் முதல் வாக்குகள் விழுந்தன. 1952 பிப்ரவரியில் தேர்தல் முடிந்தது. 100க்கு ஏறத்தாழ 45 பேர் வாக்களித்திருந்தனர்.

பட்டியலில் ஒரு சிக்கல் இருந்தது. வட மாநிலங்களில் பல பெண்கள் அன்னியரிடம் தம் பெயரைச் சொல்லவில்லை. இன்னாருடைய மனைவி, இன்னாருடைய தாய் என்றே பதிந்திருந்தனர். சொந்தப் பெயர் வேண்டும் என்றார் தலைமைத் தேர்தல் ஆணையர் சுகுமார் சென். அவகாசமும் தரப்பட்டது. அதன் பின்னரும் பெயர் கூறாத ஏறத்தாழ 28 லட்சம் பெண்களின் பதிவுகள் நீக்கப்பட்டன. கடுமையான முடிவுதான்; அரசியலமைப்பு அளித்த வாக்கை அவர்கள் அத்தேர்தலில் இழந்தனர். ஆனால் இன்னாருடைய மனைவி என்று மட்டும் பதிந்திருந்தால், பெட்டியில் விழுவது யாருடைய விருப்பம் என்று கேட்க இடமிருந்திருக்கும். அடுத்த பொதுத்தேர்தல் 1957இல் வந்தது. அதற்குள் தம் பெயரைத் தாமே சொல்லிப் பதிந்துகொண்ட பெண்கள் பலர்.