புனேவில் உங்கள் பிள்ளை எந்த வகுப்பில் என்ன கற்றிருக்க வேண்டும்? இணையத்தில் தெரிந்துகொள்வது எப்படி?

சென்னையிலிருந்தோ கோவையிலிருந்தோ வேலை மாறி புனேவுக்கு வந்துவிட்டீர்கள். வாகட், ஹிஞ்சவடி பக்கம் வீடு பார்த்து, பிள்ளையைப் பள்ளியிலும் சேர்த்தாயிற்று. பேரன்ட்ஸ் மீட்டிங்கில் ‘லேர்னிங் அவுட்கம்’ என்கிறார்கள். டியூஷன் சென்டரிலோ ‘உங்க பையன் ரொம்பப் பின்தங்கியிருக்கான்’ என்கிறார்கள். எதை நம்புவது?

எந்த வகுப்பில் என்ன தெரிந்திருக்க வேண்டும் என்பதை அரசே எழுதி, இலவசமாக இணையத்தில் வைத்திருக்கிறது. அதைத் தேடிப் படிக்கும் வழி இதோ.

இது ஏன் முக்கியம்?

தமிழ்நாட்டில் 8ஆம் வகுப்பு வரை கட்டாயத் தேர்ச்சி. மகாராஷ்டிராவில் அப்படியில்லை. கல்வி உரிமைச் சட்டத்தின் கீழ் வரும் மாநில விதிகளை அந்த அரசு 2023இல் திருத்தியது. அதன்படி 5, 8ஆம் வகுப்புகளில் ஆண்டுத் தேர்வு உண்டு. ஒவ்வொரு பாடத்திலும் குறைந்தது 35 சதவீதம் வேண்டும். தவறினால் மறுதேர்வு, அதிலும் தவறினால் அதே வகுப்பில் இன்னொரு வருஷம். பள்ளியிலிருந்து நீக்க முடியாது, அவ்வளவுதான். 4ஆம் வகுப்பு முடித்து இங்கே வந்து சேரும் பிள்ளைக்கு முதல் ஆண்டே இந்தத் தேர்வு காத்திருக்கிறது. சிபிஎஸ்இ பள்ளி என்றால், அங்கே எந்த விதி நடைமுறையில் இருக்கிறது என்று பள்ளியிடமே கேட்டுவிடுங்கள்.

யார் எதை முடிவு செய்கிறார்கள்?

மகாராஷ்டிராவின் பள்ளிக் கல்வி அமைப்புகளில் மூன்று முக்கியமானவை புனேவில்தான் இருக்கின்றன.

• எஸ்சிஇஆர்டி (சதாசிவ் பேட்டை, கும்டேகர் சாலை): பாடத்திட்டம், ஆசிரியர் பயிற்சி.
• பாலபாரதி (சேனாபதி பாபட் சாலை): 1967இல் தொடங்கப்பட்ட பாடநூல் நிறுவனம்.
• மாநிலத் தேர்வு வாரியம் (சிவாஜிநகர்): 10, 12ஆம் வகுப்புப் பொதுத்தேர்வுகள்.

புத்தகத்தில் சந்தேகம் என்றால் பாலபாரதி தளம், பொதுத்தேர்வு பற்றி என்றால் வாரியத்தின் தளம் என்று பிரித்துக்கொண்டால் பாதி அலைச்சல் மிச்சம்.

புத்தகங்கள் எங்கே?

இ-பாலபாரதி தளத்தில் வகுப்பையும் பயிற்று மொழியையும் தேர்ந்தெடுத்தால் புத்தகத்தின் பிடிஎஃப் கிடைக்கும். காசு கட்ட வேண்டியதில்லை. மராத்திச் சொற்களைக் கண்டு மிரள வேண்டாம், நாலைந்து தெரிந்தால் போதும்: ‘இயத்தா’ என்றால் வகுப்பு, ‘மாத்யம்’ பயிற்று மொழி, ‘பாட்யபுஸ்தக்’ பாடநூல், ‘ஷாசன் நிர்ணய்’ அரசாணை.

அடுத்தது தீக்ஷா. மத்திய அரசு 2017 செப்டம்பரில் தொடங்கிய தளம் இது. பாடநூலில் இருக்கும் க்யூஆர் கோடை போனில் ஸ்கேன் செய்தால் அந்தப் பாடத்துக்கான வீடியோ, பயிற்சிகள் வரும். ஸ்கேன் ஆகவில்லையா? கோடுக்குப் பக்கத்தில் அச்சிட்டிருக்கும் 6 இலக்கக் குறியீட்டை டைப் செய்யலாம். உள்ளே போனதும் மறக்காமல் மகாராஷ்டிர வாரியத்தைத் தேர்ந்தெடுங்கள். இல்லையென்றால் வேறு மாநிலப் பாடத்தைப் பார்த்துக்கொண்டிருப்பீர்கள்.

‘அத்யயன் நிஷ்பத்தி’ என்றால்?

லேர்னிங் அவுட்கம் என்பதன் மராத்திப் பெயர் இது. தமிழில் கற்றல் விளைவுகள். 1 முதல் 8ஆம் வகுப்பு வரைக்கான பட்டியலை என்சிஇஆர்டி 2017இல் வெளியிட்டது. பாலபாரதியின் பல புத்தகங்களில் முன்பக்கத்திலேயே இதைப் பார்க்கலாம்.

பாடத்தலைப்பு வேறு, கற்றல் விளைவு வேறு. ‘பின்னங்கள்’ என்பது தலைப்பு. ஒரு பின்னத்துக்குச் சமமான வேறு பின்னங்களைக் கண்டுபிடிப்பது, அரை, கால் போன்றவற்றைத் தசமமாக எழுதுவது ஆகியவை 5ஆம் வகுப்புக்கான விளைவுகள். ‘பின்னம் நடத்தியாச்சா?’ என்று கேட்டால் ‘ஆச்சு’ என்று பதில் வரும். ‘அரையைத் தசமத்தில் எழுதிக் காட்டு’ என்றால்தான் நிலவரம் தெரியும்.

சின்னப் பிள்ளைகளுக்கு என்ன அளவுகோல்?

2021 ஜூலையில் தொடங்கிய நிபுண் பாரத் திட்டத்தின் இலக்குகள் வீட்டிலேயே பார்க்கக்கூடியவை.

• 1ஆம் வகுப்பு முடிவில்: நாலைந்து எளிய சொற்கள் உள்ள புதிய வாக்கியத்தை வாசிப்பது, 99 வரை எண்கள்.
• 2ஆம் வகுப்பு: நிமிடத்துக்கு 45 முதல் 60 சொற்கள், 999 வரை எண்கள்.
• 3ஆம் வகுப்பு: நிமிடத்துக்குக் குறைந்தது 60 சொற்கள், 9999 வரை எண்கள், எளிய பெருக்கல்.

வாசித்தது புரிந்திருக்க வேண்டும் என்பதும் இலக்கின் பகுதிதான். கடகடவென்று ஒப்பிப்பது கணக்கில் வராது.

தமிழ் வீடுகளுக்கு இங்கே ஒரு கூடுதல் சோதனை இருக்கிறது. பிள்ளை ஆங்கிலத்தில் கேட்ட கணக்கில் தடுமாறினால், அதையே தமிழில் கேட்டுப் பாருங்கள். தமிழில் சரியாகச் சொன்னால் பிரச்சினை கணக்கில் இல்லை, மொழியில். அதற்குக் கணக்கு டியூஷன் மருந்தாகாது.

மராத்தி கட்டாயமா? இந்தி?

மராத்தி கட்டாயம். 2020ஆம் ஆண்டுச் சட்டப்படி சிபிஎஸ்இ, ஐசிஎஸ்இ உட்பட எல்லா வாரியப் பள்ளிகளும் மராத்தி கற்பிக்க வேண்டும். மீறும் பள்ளிகளுக்கு ரூ.1 லட்சம் வரை அபராதம்.

இந்தியில்தான் குழப்பம். 1ஆம் வகுப்பிலிருந்தே இந்தியை மூன்றாம் மொழியாக்கி 2025 ஏப்ரல் 16இல் அரசாணை வந்தது. எதிர்ப்பு கிளம்பியதும் ஜூன் 17இல் திருத்தப்பட்டது. ஜூன் 29இல் இரண்டு ஆணைகளையும் திரும்பப் பெறுவதாக அரசு அறிவித்து, நரேந்திர ஜாதவ் தலைமையில் குழு அமைத்தது. இரண்டரை மாதத்தில் இத்தனை மாற்றம். பழைய ஆணையின் ஸ்க்ரீன்ஷாட் வாட்ஸ்அப்பில் வந்தால், தேதியைப் பாருங்கள். பிறகு மாநில அரசின் ஷாசன் நிர்ணய் தளத்தில் சரிபாருங்கள்.

தமிழ்? பள்ளியில் கிடைக்காவிட்டால், தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் தளத்தில் குழந்தைகளுக்கான பாடங்கள் இருக்கின்றன.

நீங்கள் ஆசிரியர் என்றால்?

விளைவுகளின் பட்டியலை முதலில் வைத்துக்கொண்டு, அதற்கேற்ற கேள்விகளை எழுதிவிட்டுப் பாடத்தைத் திட்டமிடுங்கள். மதிப்பெண்ணுக்குப் பக்கத்தில் எந்த விளைவு இன்னும் வரவில்லை என்று ஒரு வரி குறித்தால், பெற்றோருக்கு வீட்டில் என்ன செய்வதென்று தெரியும்.

எங்கே தொடங்குவது?

இந்த வார இறுதியில் அரை மணி நேரம் போதும். பிள்ளையின் வகுப்புக் கணக்குப் புத்தகத்தை டவுன்லோடு செய்து, கற்றல் விளைவுகள் பக்கத்தைத் திறங்கள். மூன்று விளைவுகளை எடுத்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு கேள்வி கேளுங்கள். வராததை மட்டும் எழுதி வைத்து, அடுத்த மீட்டிங்கில் ஆசிரியரிடம் காட்டுங்கள். டியூஷனுக்குப் பணம் கட்டுவதா வேண்டாமா என்பதை அதற்குப் பிறகு யோசிக்கலாம்.